தமிழ் தெரிஞ்ச கழுதை

"உதைக்கிறதுதான்க்கா என் வேலை."

மத்திகிரி டவுன் பஸ்ஸில் இதைக் கேட்டதும் எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது. சொன்னவர் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தார். எதிர் சீட்டில் ஒரு பெண். பேச்சைப் பார்த்தால் இருவரும் ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவர்கள்.

"யாரைத் தம்பி உதைக்கிற?"

"மிஷினைத்தான். நாலு கால்ல நடக்கும். மிலிட்டரிக்கு மலைமேல சாமான் தூக்கிட்டுப் போறதுக்கு. விழுந்தா தானா எழுந்திருக்குதான்னு உதைச்சுப் பார்க்கணும்."

"எங்க வீட்டுக்காரரும் மிலிட்டரிதானே, அவர் இருக்கிற மலைக்கும் வருமா?"

"வரும்க்கா. இனிமே கழுதையே வேணாங்கிறாங்க. இதுக்குத் தீனி வேணாம், குளிர் தெரியாது. குண்டு பட்டாலும் உசுரு போச்சேன்னு அழ வேண்டியதில்ல."

"நல்லதுதான்," என்றார் அந்தப் பெண். மாட்டுப்பண்ணை தாண்டியதும் அவரே தொடர்ந்தார்.

"அங்க அவர்கூட தமிழ் ஆளே இல்ல தம்பி. எல்லாம் இந்திதானாம். சாமான் தூக்க ஒரு கோவேறு கழுதை இருக்குது, அதுகிட்டதான் தமிழ்ல பேசுவாராம். 'வாடா ராசா'ன்னா வந்து நிக்குமாம். சிக்னல் கிடைச்சுப் போன் பண்ணா பாதி நேரம் அதோட கதைதான்."

"இந்த மிஷின் பேச்சுக்கு வராதுக்கா. ரிமோட்லதான் நடக்கும்."

அவர்கள் இறங்கும் ஸ்டாப் வந்தது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பரவாயில்ல. நாளைக்கு நீ உதைச்சு, அது எழுந்து நின்னுச்சுன்னா, 'வாடா ராசா'ன்னு ஒருதரம் சொல்லிடு."