இரண்டு கண்ணுக்கு எண்ணூற்று நாற்பது

மோரில் உப்புச் சற்றுத் தூக்கலாக இருக்கும், டீச்சரம்மா. என் வீட்டுக்காரருக்கு அப்படி இருந்தால்தான் தொண்டையில் இறங்கும். அவருக்குக் கரைத்துக் கரைத்து என் கைக்கும் அதுவே பழகிவிட்டது. பசுமலையிலிருந்து வில்லாபுரம் வரைக்கும் இந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். முதலில் குடியுங்கள்.

நீங்கள் வந்த காரியம் எனக்குப் புரிகிறது. பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்குப் பிரம்பு பின்னச் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே என் வீட்டுக்காரரைச் சேர்த்துவிடலாம் என்கிறீர்கள். போன வாரம் நான் சந்தைக்குப் போயிருந்தபோது அவரிடமும் பேசியிருக்கிறீர்கள்; அவரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்று இப்போது என்னிடம் ஒன்று கேட்டீர்கள். மில்லில் அடிபட்டது இடது கண்தானே, வலது கண் எப்படிப் போனது என்று.

பதினைந்து வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறைக்க வேண்டிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் ஊர் பேரையூர்ப் பக்கம். மூன்று வருஷம் மழை இல்லாமல் போனதும் மதுரைக்கு வந்தோம். அவர், தவசி என்று பெயர் கேட்டிருப்பீர்கள், ஒரு மில்லில் தறி ஓட்டினார். மாதம் இருபது ரூபாய். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. நாடகம் எந்த ஊரில் நடந்தாலும் போய்விடுவார். எனக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து முகம் முழுக்கத் தழும்பு. எங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் அவரையும் அடுத்த நிமிஷம் என்னையும் பார்ப்பார்கள். அது எனக்குப் பழகிப்போன விஷயம். அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. பேசும்போது என் தலைக்கு மேலே எதையாவது பார்த்துக்கொண்டு பேசுவார், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், மாசி மாதம். தறியின் குறுக்கே இங்கும் அங்கும் ஓடுகிற நாடா என்று ஒன்று உண்டு. மரத்துண்டுதான், ஆனால் இரண்டு முனையிலும் இரும்புக் கூர். பக்கத்துத் தறியிலிருந்து அது துள்ளி வந்து அவர் இடது கண்ணில் பாய்ந்தது. மில்காரர்களே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். வயதானவர், பொறுமையாகச் சொன்னார்.

"இந்தா பாரும்மா, அந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது. அத எடுத்துரணும். அப்படியே வச்சிருந்தா நல்லா இருக்குற கண்ணையும் கெடுத்துப்புடும். அடிபட்ட ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துட்டா வலது கண்ணுக்குப் பயமில்ல. இப்ப மருந்து மயக்கத்துல கெடக்காரு. தெளிஞ்சதும் நீயே பக்குவமாச் சொல்லு."

"சொந்தபந்தத்தக் கலந்துக்கிட்டு வாரேன், ஐயா" என்றேன். அதை அப்போது மனசாரத்தான் சொன்னேன். கத்திக்குப் பயப்படுகிற பட்டிக்காட்டுப் பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார். கெடு தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நஷ்டஈடு என்று ஒன்று உண்டு என்பதையே பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வக்கீலிடம் சேக் இஸ்மாயில் என்று குமாஸ்தா இருந்தார். கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் எனக்குச் சட்டத்தை விளக்கினார்.

"தங்கச்சி, சர்க்காரு மனுசன உறுப்பு உறுப்பாப் பிரிச்சு வெல போட்டு வச்சிருக்கான். நம்ம கசாப்புக் கடையில தொடை தனி, ஈரல் தனின்னு தொங்கவிடுறோம்ல, அந்தக் கணக்குத்தான். கட்டவெரலுக்கு ஒண்ணு, சுண்டுவெரலுக்கு ஒண்ணு. ஒத்தக் கண்ணுன்னா உன் வீட்டுக்காரருக்கு எரநூத்து அம்பத்திரெண்டு ரூவா வரும்."

"ரெண்டு கண்ணும் போயிருந்தா, அண்ணே?"

"முழு ஆளும் போன கணக்கு. எண்ணூத்து நாப்பது."

"ஆளே செத்துப் போயிருந்தா?"

அவர் சிரித்துவிட்டார். "அது அறுநூறுதான். செத்தவனுக்குச் சோறு போட வேணாம்ல, அதான் கொறச்சிட்டான். அல்லா புண்ணியத்துல உன் ஆளு உசுரோட இருக்காரு. ஒண்ணு மட்டும் மறந்துறாத. வைத்தியம் பாக்காம விட்டுத்தான் காயம் சாஸ்தியாச்சுன்னு கம்பெனிக்காரன் காட்டிட்டா, சாஸ்தியானதுக்குக் காசு கெடையாது. மில் கம்பவுண்டர்கிட்டயாச்சும் போயிக் காட்டிக்கிட்டு இருங்க. அவன் ரிஜிஸ்தர்ல ஏறணும்."

நான் ஏன் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன் என்று பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். துணி எடுக்கப் போனால் எடுக்காத சேலைக்கும் விலை கேட்போம் இல்லையா?

வீட்டுக்கு வந்தபோது அவரோடு தறி ஓட்டுகிற அழகுமலை வந்து உட்கார்ந்திருந்தான். நான் பின்கட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓலைத் தட்டிதான், பேச்செல்லாம் கேட்கும்.

"கம்பெனி குடுக்குற காச வாங்கிக்கிட்டுப் பினாங்குக்குக் கப்பல் ஏறிர்றேன் மாப்ள. அங்கன ஒரு பெட்டிக்கடை வச்சாப் போதும். நீயும் வா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒத்தக் கண்ணன எவன்டா கப்பல்ல ஏத்துவான்?"

"அவன் கண்ணயா பாக்கப் போறான், காசத்தான பாப்பான்."

"தங்கச்சியும் பச்சப் புள்ளயும்?"

"எம்புட்டுப் பேரு போயிருக்கான், எல்லாவனும் குடும்பத்தத் தூக்கிக்கிட்டா போனான்? மணியார்டர் அனுப்பிக்கிட்டா போச்சு."

அழகுமலை ஏதோ முணுமுணுத்தான். அதற்கு அவர் சொன்னார். "ஒரு கண்ணு போனதுல ஒரு நல்லதும் இருக்கு மாப்ள. இவ மூஞ்சி இப்பப் பாதிதான் தெரியுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வேடிக்கையாகத்தான் சொன்னார். கோபம் வருகிறதா என்று என் மனசை நான் தடவிப் பார்த்தேன். வரவில்லை. கையும் நிற்கவில்லை. அன்று அரிசியில் ஒரு கல்கூட மிச்சம் இல்லை. எனக்குள் ஒரு கணக்கு மட்டும் ஓடியது. மகள் ராக்கம்மாளுக்கு அப்போது ஐந்து வயது. இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபாயைக் கொண்டு அவர் கப்பல் ஏறிவிட்டால் அவள் கதி என்ன? எண்ணூற்று நாற்பது வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும்? ஒரு தாய் போடுகிற கணக்குத்தான் அது. நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

அவர்கள் சிரித்து ஓய்வதற்குள் டாக்டர் கொடுத்த சீட்டை அடுப்பில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தெப்பக்குளத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்து அவரிடம் சொன்னேன். ஆத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருக்கிறேன், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உங்கள் முகத்தில் இரும்பு படக் கூடாது என்று. டாக்டர் கண்ணை எடுக்கச் சொல்வாரோ என்று அவரும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. சவரக் கத்திகூடப் படக் கூடாது என்று தாடியும் வளர்த்தார். தெருவில் எல்லோரும் அந்தத் தாடியைப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்டாட்டியா என்றார்கள். தினமும் விடிகாலையில் தெப்பக்குளம் வரை நடந்து போய் அம்மன் தீர்த்தம் வாங்கி வந்து அவர் கண்ணைக் கழுவினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தாய்க்குக்கூட யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

மூன்று நாளைக்கு ஒரு தரம் மில் டிஸ்பென்சரிக்கும் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் கட்டைப் பிரித்து, மருந்து வைத்து, "நல்லா ஆறிக்கிட்டு வருது தவசி" என்று ரிஜிஸ்தரில் எழுதுவார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் பொய் சொல்லிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. அந்த நாட்களில் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பதாம் நாள் அவர் முற்றத்திலிருந்து உள்ளே வந்து கையால் வலது கண்ணை மறைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, இந்தக் கண்ணும் கூசுது. வெளிச்சம் ஊசி குத்துற மாதிரி இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துருவமா?"

கண் சிவந்திருந்தது. நான் சன்னலுக்குச் சாக்கைக் கட்டினேன்.

"இன்னும் எட்டு நாள்தான இருக்கு. நேத்திக்கடனக் கொறையில விட்டா ஆத்தா கோவிச்சுக்கிருவா."

"எட்டு நாள்தானா? அம்புட்டுத்தான, பொறுத்துக்கிறேன்" என்றார்.

டீச்சரம்மா, அவர் என் முகத்துக்கு நேரே பார்த்து, நான் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த எட்டு நாளும் நான் என்ன சொன்னாலும் கேட்டார். என் சேலை என்ன நிறம் என்று ஒரு நாள் என்னிடமே கேட்டார். பச்சை என்றேன். பச்சைதான் கட்டியிருந்தேன், நான் அவரிடம் பொய் சொல்கிற வழக்கம் இல்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் சின்ன வயதுக்காரர். பார்த்துவிட்டு, ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார். நான் அழுதேன். அழுகை தானாகத்தான் வந்தது, நான் வரவழைக்கவில்லை. வலது கண் போனதும் இடது கண்ணில் பட்ட அடியால்தான் என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நேரே சேக் இஸ்மாயிலிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அன்று அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. கூலியும் வாங்கிக்கொள்ளவில்லை.

விசாரணையில் கம்பெனி வக்கீல், ஏன் தகுந்த வைத்தியம் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்டார். "மில் டிஸ்பென்சரியிலதான் காட்டுனோம் சாமி. ஆறிக்கிட்டு வருதுன்னு கம்பவுண்டரய்யா சொன்னாரு" என்றேன். ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தார்கள். பதினைந்து இடத்தில் அப்படியே எழுதியிருந்தது. முழுத் தொகையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கம்பவுண்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவருக்கு நாலு பிள்ளைகள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு படி அரிசி கொடுத்துவிட்டேன். அம்மனுக்கும் சொன்னபடி வெள்ளிக் கண்மலர் இரண்டும் செய்து சாத்தினேன்.

இதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. அவர்மேல் யாரும் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் நான் மறித்திருக்கப்போவதும் இல்லை. கண் இருந்தது, கால் இருந்தது, போயிருக்கலாம். நன்மையையும் நீங்கள் பார்க்க வேண்டும். அழகுமலை தனியாகப் பினாங்குக்குப் போனான். ஜப்பான்காரன் வந்ததும் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனானாம். இன்றுவரை ஒரு கடுதாசி இல்லை. அவரும் போயிருந்தால் அந்தக் காட்டில்தான் எலும்பாகக் கிடப்பார். இங்கே மூன்று வேளைச் சோறும் நேரத்துக்குக் கிடைக்கிறது. நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் தலை சீவிவிடுகிறேன். என் முகத் தழும்பெல்லாம் மறைந்துவிட்டது என்று ஒரு தரம் சொன்னேன். கையால் தொட்டுப் பார்த்தார். ஆமாம் என்றார்.

அந்தப் பணமா? தபாலாபீசில் என் பேரில் இருக்கிறது. அதைத் தொட அவசியமே வரவில்லை. இரண்டு எருமை வாங்கிப் பால் விற்றேன். ராக்கம்மாளைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பால் காசில்தான். அவளுக்காகத்தான் என்று சொன்னேன் அல்லவா? அவள் கேட்டாள்தான், அந்தப் பணத்தில் ஒரு சங்கிலி. நான்தான் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் பிறகு எதற்காக அதைச் செய்தேன் என்று ஆகிவிடும் இல்லையா? அவள் இங்கே வருவதில்லை.

விண்ணப்பத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் வரமாட்டார். போன வாரம் உங்களிடம் தலையாட்டியதற்கு அவரே வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேதான் இருந்தேன். அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு "அன்னக்கொடி, அன்னக்கொடி" என்று சுவர் சுவராகத் தடவிக்கொண்டு கூப்பிட்டார். கலியாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; கேட்க நன்றாகத்தான் இருந்தது. சோறும் நேரத்துக்கு வைத்தேன். வைத்த இடத்தைத்தான் சொல்லவில்லை.

உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். நீங்களே கேளுங்கள், நானும் பக்கத்தில் இருக்கிறேன். பாளையங்கோட்டை வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்லுவார். எங்கள் கலியாணத்திலிருந்து இன்றுவரை நான் அவரை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை.