ஒரு சாண் கீறல்

— தம்பி, அந்த அட்டையை இப்படிக் கொடு. நீ பார்க்க வேண்டாம், நானே பார்க்கிறேன்.

— அண்ணே, அது கம்பெனி அட்டைண்ணே. முதல்ல நான் எதுக்கு வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை...

— எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷ வாடகைக்கு எடுத்த இந்தப் பிக்கப் வண்டியோட லீஸ் நாளையோட முடியுது. எங்கே கீறல், எங்கே நசுங்கல்னு தேடிப் பிடிச்சு எங்க தலையில கட்ட வந்திருக்கே. மூணு வருஷம் முன்னாடி இதே அட்டையைக் காட்டித்தானே பயமுறுத்தினீங்க? நடுவுல ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள அடங்குற கீறல்னா மன்னிப்பு, அடங்கலேன்னா தண்டம். நியாயத்தைச் சொல்லு, இந்த வட்டத்தை நினைச்சுக்கிட்டே மூணு வருஷம் ஒரு மனுஷன் நிம்மதியா தூங்க முடியுமா?

— தூங்கினீங்க. பக்கத்துல படுத்திருந்த எனக்குத் தெரியாதா அந்தக் குறட்டை.

— நீ சும்மா இரு, இவளே. ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்கோம்.

— பேசுங்க. தம்பி, நீங்க அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. அவரு பேசி முடிக்கட்டும். உங்க வேலை எங்கேயும் ஓடிடாது.

— சரிக்கா. விதிப்படி அரை மணி நேரத்துல முடிக்கணும். பரவாயில்ல.

— விதிப்படியாம். பாரு தம்பி, முன்னாடி பாரு. பானெட்டுல ஒரு பொட்டு இருக்கா? இல்ல. இந்தக் கதவு? இல்ல. அந்தக் கதவு? கண்ணாடி பார்த்துத் தலை சீவலாம். நான் டைல்ஸ் ஒட்டுறவன். தரையில ஒரு மில்லி ஏத்த இறக்கம் இருந்தாலும் என் விரல் சொல்லிடும். இந்த வண்டியில என் விரலுக்கே எதுவும் தட்டுப்படாது. நேத்து சாயங்காலம்கூட ஒவ்வொரு அங்குலமா துடைச்சு, போர்வை போத்தி... இந்தா, இது என்னது?

— எதுங்க?

— பின் கதவுல. இங்க வா. இங்க வந்து பாரு. ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

— ஆமாங்க, கோடுதான்.

— கோடுதானா? வட்டத்துக்குள்ள இல்லடி, அட்டைக்குள்ளயே அடங்க மாட்டேங்குது. நேத்து இது இல்ல. காலையில ஏழு மணிக்கு பஸ் பிடிச்சு வேலைக்குப் போனேன், இப்ப நாலு மணிக்கு வர்றேன், அதுக்குள்ள எவனோ கை வெச்சிருக்கான். எதிர்வீட்டு சைக்கிள்காரன்தான். அவன் சைக்கிளைத் திருப்புறப்பவெல்லாம் நான் ஓடி வந்து குறுக்கே நிப்பேன்.

— அந்த மனுஷன் பாவம், அவரைச் சொல்லாதீங்க. அவரு மகள் வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆச்சு.

— அப்ப யாரு? தம்பி, நீதான் வரும்போது எதையாவது உரசினியா? பையில இரும்பு கிரும்பு வெச்சிருக்கியா?

— அண்ணே, என் பையில பேனாவும் ரெண்டு தாளும்தான் இருக்கு. அந்தக் கீறலை நான் எழுதப்போறதே இல்ல. எனக்கு மீட்டர்ல மொத்தம் எவ்வளவுன்னு ஒரே ஒரு எண் தெரிஞ்சா போதும்.

— எண்ணா? எண்ணை என்கிட்ட கேளு. இந்தா, நோட்டு. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சொந்தபந்தம் வீட்டுக்கு எடுத்ததையெல்லாம் ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். கிளம்பும்போது அந்தச் சின்ன மீட்டரைப் பூஜ்யத்துல வைப்பேன், வந்து நிறுத்தினதும் எழுதிடுவேன். கடைசிப் பக்கம் பாரு. பதினோராயிரத்து இருநூத்தி ஆறு. ஓட்டலாம்னு நீங்க கொடுத்தது அறுபதாயிரம். மிச்சம் கிட்டத்தட்ட நாப்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் நான் ஓட்டவே இல்ல. ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டினா தண்டம் கேட்கிறீங்களே, ஓட்டாம விட்டதுக்கு என்ன தருவீங்க?

— அதுக்கு ஒண்ணும் கிடையாதுண்ணே.

— கேட்டியா, இவளே? ஒண்ணும் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம்?

— ஓட்டுங்க ஓட்டுங்கன்னு நான் சொன்னப்ப உங்களுக்கு நியாயம் ஞாபகம் வரல.

— அண்ணே, ஒரு நிமிஷம். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா மொத்தம் வருது. அது முப்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு காட்டுதே.

— என்ன காட்டுது?

— முப்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு.

— தம்பி, கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு.

— துடைச்சாலும் அதேதாண்ணே.

— பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் கூடுதலாவா? என் வண்டியையா? சர்வீஸ்ல விட்ட உங்க ஆளுங்கதான். வேற யாரு? எண்ணெய் மாத்த ஒரு நாள் விடுன்னு வாங்கிக்கிட்டு ஊர் சுத்தியிருக்கானுங்க. பொண்டாட்டி பிள்ளையை ஏத்திக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருப்பானுங்க.

— மூணு வருஷத்துல ஆறே ஆறு சர்வீஸ்ணே. ஆறு நாள்ல பத்தொன்பதாயிரம் ஓட்டணும்னா சோறு தண்ணி இல்லாம ஓட்டணும்.

— அப்ப மீட்டர் பழுது. எப்படிப் பார்த்தாலும் மோசடி. இவ்வளவு தூரம் ஓடியிருந்தா டீசல் குடிச்சிருக்குமே. நான் டீசல் போட்டதே அபூர்வம். எப்ப ஏறி உட்கார்ந்தாலும் முள்ளு முக்காலுக்கு மேலதான் நிக்கும். நல்ல வண்டின்னு நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்.

— சொன்னீங்க. என் தம்பிகிட்டயும் சொன்னீங்க. அவன் என்னையே பார்த்துச் சிரிச்சான்.

— அவன் எதுக்குச் சிரிச்சான்? அவன் மூணு சக்கர வண்டி புகையாக் கக்குது, பொறாமை. தம்பி, நீ சொல்லு, வேற எதாவது தப்பா தெரியுதா?

— தப்புன்னு இல்லண்ணே. சீட்டு ரொம்ப முன்னாடி இழுத்திருக்கு. உங்க உயரத்துக்கு முட்டி இடிக்குமேன்னு பார்த்தேன். அப்புறம் பின்னாடி சாமான் ஏத்துற இடத்துல மூலையெல்லாம் வெள்ளை நூலா கிடக்கு. துணி நூல் மாதிரி.

— நான் ஏத்துறது டைல்ஸ். டைல்ஸ்ல ஏது நூல்?

— நீங்க எங்க டைல்ஸ் ஏத்தினீங்க?

— என்ன சொல்றே?

— கேட்கிறேன். இந்த வண்டியில ஒரு பெட்டி டைல்ஸ் ஏத்தியிருக்கீங்களா? பெட்டி முனை பட்டா கீறல் விழும்னு சொல்லி, என் தம்பி வண்டியைத்தானே கூப்பிட்டீங்க. அவன் வராத அன்னைக்கு நீங்களும் நானும் தலையில வெச்சுச் சுமந்தோம். எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு. ஒரு மாசம் கையைத் தூக்கித் தலை வார முடியல. அப்ப இந்த வண்டி எங்க நின்னுச்சு? ஷெட்டுல, போர்வைக்குள்ள. கல்யாணமான புதுசுல எனக்குக்கூட நீங்க அப்படிப் பார்த்துப் பார்த்துப் போத்தி விட்டதில்ல.

— தம்பி முன்னாடி என்ன பேச்சு இது.

— தம்பியும் கேட்கட்டும். டைல்ஸ்காரன் பிக்கப் எடுத்து, அதுல டைல்ஸ் ஏத்த மாட்டேன்னா யாராவது நம்புவாங்களா? நானும் ஓட்டக் கத்துக்கிறேன்னு கேட்டேன். கிளட்ச் தேஞ்சிடும்னீங்க. என் கையெழுத்துலதான் லீஸே எடுத்தோம், உங்களுக்கு மாசச் சம்பளச் சீட்டு கிடையாதுன்னு லாண்டரியில எனக்குத் தர்ற சீட்டைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேரு என் பேரு. ஆனா ஸ்டியரிங்கை நான் தொடக்கூடாது.

— திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் இவளே அது. அடுத்தவன் பொருள். அடுத்தவன் பொருள்ல நான் ஒரு கீறல் வைக்க மாட்டேன். எங்க அப்பா இரவல் வாங்கின ஏணியைத் துடைச்சுத்தான் திருப்பிக் கொடுப்பாரு.

— ஏணியில ஏறினாரா இல்லையா?

— ஏறாம எப்படி?

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— சரி, இப்ப என்னதான் செய்யணுங்கிறே?

— அதைக் கேட்கத்தான் ஒரு மாசமா உங்க பின்னாடி சுத்தினேன். கம்பெனி லெட்டர் வந்த அன்னைக்கே படிச்சுக் காட்டினேன். திருப்பிக் கொடுக்கலாம், ஒரு வருஷம் நீட்டலாம், மிச்சத்தைக் கட்டிச் சொந்தமாக்கிக்கலாம், எதுன்னு சொல்லுங்கன்னேன். பார்க்கலாம்னீங்க. அடுத்த வாரம் கேட்டேன், பார்க்கலாம்னீங்க. மூணாவது தடவை கேட்டப்ப துடைக்கிற துணி எங்கேன்னு கேட்டீங்க.

— இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. திருப்பிக் கொடுத்திடுவோம். எவனோ என் பேரைச் சொல்லி பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கான், எவனோ பின் கதவைக் கிழிச்சிருக்கான். இந்த அவமானம் பிடிச்ச வண்டி எனக்கு வேண்டாம். தம்பி, தாளை எடு. சாவியை இப்பவே உன் கையில கொடுக்கிறேன். கொண்டுபோய் உங்க மேனேஜர் மூஞ்சியில எறி.

— அண்ணே, அதைத்தான் வந்ததுலேருந்து சொல்ல வர்றேன். நான் வண்டியைத் திருப்பி எடுக்க வரல.

— பின்ன எதுக்கு வந்தே?

— விதிப்படி, சொந்தமாக்கிற வண்டிக்கு மீட்டர் எண்ணைக் குறிச்சு, ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போகணும். கீறல் பார்க்கிறதெல்லாம் திருப்பிக் கொடுக்கிறவங்களுக்குத்தான். நான் பையிலேருந்து பேனாவைத்தான் எடுத்தேன், கூட வந்த அட்டையை நீங்க பிடுங்கிட்டீங்க.

— சொந்தமாக்கிற வண்டியா? யாரு சொந்தமாக்கினா?

— செவ்வாய்க்கிழமை பணம் முழுசா கட்டியாச்சுண்ணே. அக்காதான் கட்டினாங்க.

— இவளா?

— ஆமாங்க. நான்தான்.

— ஏது உனக்குப் பணம்?

— லாட்ஜு போர்வை, துண்டு, தலையணை உறையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டு வந்து, வெளுத்துத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க லாண்டரியில இருந்த ஒரு வேன் போதாம தவிச்சாங்க. நான் ஓட்டுறேன்னு சொன்னேன். அங்க பழைய வேன் ஓட்டுற பெரியவர்கிட்ட ரெண்டு மாசம் கத்துக்கிட்டு லைசென்ஸும் எடுத்துட்டேன். ஓட்டுற கூலியைத் தனியா சேர்த்தேன். நீங்க ஏழு மணிக்குப் போவீங்க, நான் ஏழேகாலுக்குப் போர்வையை எடுப்பேன். மூணு மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, சின்ன மீட்டரைப் பூஜ்யத்துல வெச்சு, போத்தி விட்டுடுவேன். சீட்டைத்தான் தினமும் பின்னாடி தள்ளுவேன், இன்னைக்கு மறந்துட்டேன்.

— பஸ்ல போறேன்னு சொன்னே.

— முதல் நாலு மாசம் பஸ்லதான் போனேன். நின்னுக்கிட்டே. வீட்டுல வண்டி தூங்குதேன்னு நினைச்சு நினைச்சு எரிச்சல்ல ஒரு நாள் இறங்கித் திரும்பி வந்தேன்.

— டீசலும் நீதானா?

— நான்தான். உங்க பெருமையை ஏன் கெடுக்கணும்னு எப்பவும் முக்காலுக்கு மேல போட்டு வெச்சேன்.

— உன் தம்பிக்கும் தெரியும்.

— தெரியும்.

— ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. நியாயத்தைச் சொல்லு, இவளே. கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

— சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?

— தம்பி, இந்தா, உன் அட்டையை வாங்கிக்கோ.

— சொல்லுங்க. தம்பி முன்னாடியே சொல்லுங்க.

— விட்டிருக்க மாட்டேன்.

— அக்கா, கையெழுத்து இங்கே. எண்ணை நான் எழுதிட்டேன்.

— கொடுங்க தம்பி.

— அவசரப்படாதே. இத்தனை நாள் நீ ஓட்டியும் ஒரு பொட்டுக்கூட விழல. எப்படி?

— துணி மூட்டை எங்க கீறும்? அதுவுமில்லாம நீங்க போற இடத்துலகூட அட்டையை நினைச்சுப் பயந்துக்கிட்டே இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்காகவே பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

— சரி. நீ ஓட்டினே, நீ சேர்த்தே, நீ கட்டினே. எல்லாம் சரி. நான் ஒண்ணும் பேசல. ஆனா இந்தப் பின் கதவுக் கீறலை மட்டும் நான் விடமாட்டேன். நேத்து இல்லாத கீறல். எவன் செஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சுக் கேட்காம இன்னைக்குச் சாப்பிட மாட்டேன்.

— அப்ப கேட்டுட்டுச் சாப்பிடுங்க. காலையில ரசீது கைக்கு வந்ததும் சாவியை எடுத்து அந்தக் கோட்டை நான்தாங்க இழுத்தேன். நாளையிலேருந்தாவது நீங்க பயப்படாம டைல்ஸ் ஏத்தணுமே.