கார் எஞ்சினும் கமலை மாடும்

யுத்த காலம். ஸ்ரீவைகுண்டம் போகும், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டும் பஸ் தூத்துக்குடியிலேயே நின்று புகைந்துகொண்டிருந்தது. முன் சீட்டிலிருந்த விவசாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம் சொன்னார்:

“எஞ்சின் அருமையா ஓடுது அண்ணாச்சி. கார்லதான் இல்ல.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“பொறவு எங்க இருக்கு?” என்றார் கடைக்காரர்.

“காருக்கு வேற எஞ்சின் மாத்த ஒர்க்‌ஷாப்புல ஐநூறு ரூவா கேட்டான். துறைமுகத்துல பழைய எஞ்சின் ஒண்ணு வாங்கி நானே மாட்டிப் பாத்தேன். உக்காரல. தோட்டத்துக் கெணத்துல வச்சிட்டேன். தண்ணி கொட்டுது.”

“அப்ப காரு?”

“கெணத்துல கமலை இழுத்த மாடு ரெண்டும் சும்மாதான நிக்கி? கார்ல பூட்டிட்டேன்.”

“பொறவு எதுக்கு பஸ்ல வாரீய?”

“ஒரு மாடு நொண்டுது.”

“என்னாச்சு?”

“லாடம் அடிக்கவன் கூலி கூடக் கேட்டான். நானே அடிச்சேன்.”