கழுவியும் போகாத சாம்பல்

– "2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.40 மணி. சடையங்குப்பம், மூன்றாவது தெரு, கதவு எண் 27. மனுதாரர் காட்டிய செடியின் இலைகள் ஆய்வு செய்யப்பட்டன. இலைகளின் மேல் காணப்படும் வெண்மை, அச்செடிக்கு இயற்கையாக அமைந்த மெழுகுப் படலம். சாம்பல் படிவு காணப்படவில்லை. புகார் முடித்து வைக்கப்படுகிறது." இதான் அண்ணாச்சி, மாசு கட்டுப்பாட்டு ஆபீசுலேர்ந்து வந்த கடுதாசி. மூணு தபா படிச்சு காட்டிட்டேன். இப்ப நீ சொல்லு.

– என்னத்தச் சொல்ல? முதல்ல உக்காருங்கம்மா. ஸ்டூல்ல ரோஜாத் தொட்டி இருக்கு, கீழ இறக்கி வச்சிட்டு உக்காருங்க.

– குந்தறதுக்கு வர்ல. ரெண்டு பஸ் மாறி திருவொத்தியூர் வந்துகீறேன். இந்தா போட்டோ. இது உன் நர்சரி செடிதானே?

– இருங்க, கண்ணாடிய எடுத்துக்கிடுதேன். ஆமா, நம்ம செடிதான். தொட்டியில 'எபினேசர் நர்சரி'ன்னு எழுதியிருக்கே. வெள்ளி விசிறிப்பனை. நீங்க யாரு?

– செங்கொடி. 27-ஆம் நம்பரு வூடு. உன் ஆளு சைமன்தான் டெம்போல கொணாந்து தெரு பூரா எறக்கிட்டுப் போனான். சரி, இத்த சொல்லு. இந்த எல பொறவியிலேயே வெள்ளையா?

– ஆமாம்மா. பொறந்ததே வெள்ளிதான். குருத்து விரியும்போதே அப்படித்தான் விரியும்.

– சும்மா சொல்ற.

– நான் எதுக்குச் சும்மா சொல்லுதேன்? அந்தா பாருங்க, வலைக்குள்ள சின்னக் கன்னு. நாலு இலை. எந்தச் சாம்பல் அதுமேல விழுந்துது?

– இதுவும் வெள்ளையாத்தான் கீது.

– ஏம்மா, என்ன ஆச்சு? மூஞ்சியெல்லாம் வேர்க்குது. தண்ணி குடிக்கியளா?

– ஐயோ. ஐயோ, அண்ணாச்சி. அறுபத்தியொரு கையெழுத்து வாங்கினு போனேனே.

– என்ன கையெழுத்து?

– சாம்பலு யார்டுக்கு மேல கூரை போடச் சொல்லி. எங்க தெருவுக்குப் பின்னாடி கம்பெனிக்காரன் லாரி லாரியா கொட்றான்ல, அதுக்கு. என் வூட்டுக்காரரு பாரி, மூச்சு வுட முடியாம ரெண்டு மாசமா வேலைக்குப் போவல. நான்தான் வூடு வூடா ஏறி எறங்கி மனு எழுதுனேன். மொத பக்கத்துல இந்தச் செடி போட்டோதான். கீழ என் கையால எழுதிகீறேன் பாரு.

– "கழுவியும் போகாத சாம்பல்."

– சிரிக்கிறியா?

– இல்லம்மா, இல்ல. மன்னிச்சுக்கிடுங்க. வாய் தன்னால போயிட்டு.

– சிரி. தெருவே சிரிக்குது. நேத்து தண்ணி லாரிகிட்ட நிக்கறேன், 'மெழுகு செங்கொடி, கொடத்த நவுத்து'ன்றா ஒருத்தி. அவளும் கையெழுத்து போட்டவதான்.

– ஆனா எனக்கு ஒண்ணு விளங்கல. ஊரெல்லாம் செடி இருக்க, இத எதுக்குப் போட்டோ எடுத்திய?

– எங்க தெரு பழக்கம் தெரியாது உனக்கு. காலையில ஆறு மணிக்கு வாசல் கழுவச்சொல்லவே செடியும் கழுவணும். முருங்க, செம்பருத்தி, துளசி, எது கீதோ அது. மேல ஒரு கொடம் ஊத்துனா சாம்பலு ஓடி வந்துடும், அடியில பச்ச தெரியும். அப்படிக் கழுவலைன்னா பத்து நாள்ல செடி பூடும். இது ஒண்ணுதான் எத்தினி கொடம் ஊத்துனாலும் அப்படியே நிக்கும். அதான், எங்க சாம்பல்லயே இது பேஜாரான சாம்பலு, பெயிண்டு மாதிரி ஒட்டிகிச்சுன்னு நெனச்சோம். இத்த வுட பெரிய சாட்சி எங்க கெடைக்கும்?

– தேய்ச்சுப் பாக்கலியா?

– காம்பு பூரா முள்ளு. எவ தேய்ப்பா? இதோ பாரு கீறல். தண்ணி ஊத்தறதோட சரி.

– அப்ப சாம்பல் தினம் ஓடிப்போச்சு. மெழுகு மட்டும் நின்னுட்டு. சரி, அன்னைக்கு அதிகாரிங்க மத்த செடிய எல்லாம் பாக்கலியா?

– பாத்தாங்க.

– பாத்துட்டு?

– எல்லாம் பளபளன்னு பச்சையா கீதுன்னாங்க.

– ஏன்?

– கழுவி வச்சோமே. ஆபீசருங்க வர்றாங்கன்னு அன்னிக்கி விடியக்காலையிலேயே எழுந்து, தெரு பூரா ரெண்டு தபா கழுவுனோம். வர்றவங்க எதிர்ல வூடு கலீஜா கீதுன்னு இருக்கக்கூடாதுல்ல? வாசல்ல கோலம்கூட போட்டேன். சாட்சிக்குதான் இந்தப் பனை கீதேன்னு நம்பிகினு இருந்தேன்.

– அட ஆண்டவரே.

– அந்த ஆபீசர் பையிலேர்ந்து கர்சீப்பு எடுத்து ஒரு எலய துடைச்சாரு. வெள்ளையா மாவு மாதிரி வந்துச்சு. மோந்து பாத்தாரு. 'இது மெழுகும்மா'ன்னு சொல்லி, என் கோலத்த மெதிக்காம தாண்டிப் போனாரு.

– அவரு சொன்னது சரிதாம்மா. இது மொராக்கோ மலையில வளருறது. பகல்ல தீயா வெயிலு, ராத்திரி பனிக்கட்டி. ரெண்டையும் தாங்கறதுக்குத்தான் இலை தானே மெழுகு பூசிக்கிடுது. நான் இத ஊட்டி, கோத்தகிரி வீட்டுத் தோட்டத்துக்குத்தான் வழக்கமா அனுப்புவேன். அங்க உறைபனியில மத்ததெல்லாம் கருகினாலும் இது நிக்கும்.

– எங்க ஊர்ல எந்தப் பனி வுழுது?

– விழாது.

– அப்ப எதுக்கு எங்க தலையில கட்டுன? பதினாறு கன்னுல அஞ்சு கன்னு குருத்து அழுவி பூடுச்சு.

– குருத்துல தினம் தண்ணி விட்டா அழுகத்தான் செய்யும். இதுக்கு இங்க உள்ள புழுக்கமே ஆகாது. நானும் சொல்லத்தான் செஞ்சேன். பூவரசு வைங்க, புங்க மரம் வைங்க, உப்புக்காத்துக்கு அதுதான் நிக்கும்னேன். அதே கம்பெனியில தோட்டத்துக்குன்னு ஒரு சார் இருக்காருல்லா, அவரு கேக்கல. வீட்டுக்கு ஒரு செடி இலவசமாக் கொடுக்கப் போறோம், பச்சை இலையே வேண்டாம்னுட்டாரு.

– பச்ச வாணாமா? செடி குடுக்கறவன் பச்ச வாணாம்னானா?

– ஆமா. வெள்ளி இலையா, சாம்பல் இலையா என்ன இருக்குன்னு கேட்டாரு. 'தூசி படிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாத செடியா வேணும் எபினேசர்'னு…

– நிறுத்திட்ட. இன்னொரு தபா சொல்லு.

– நான் அப்ப அதை அழகுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன்.

– நீ இன்னா நெனச்சன்னு கேக்கல. அவன் சொன்னத சொல்லு.

– தூசி படிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாத செடியா வேணும்னாரு.

– எப்ப?

– 2023 ஜூன். ஸ்கூல் தொறந்த வாரம்.

– யார்டு தொறந்தது அக்டோபர்ல. அன்னிக்கித்தான் மொத லாரி வந்துச்சு. அதுக்கு மின்னாடி எங்க தெருவுல எவனுக்கும் அப்படி ஒண்ணு வரப்போவுதுன்னே தெரியாது, அண்ணாச்சி.

– எனக்கும் தெரியாதும்மா. பைபிள் மேல சத்தியமா.

– செடிக்குத் தெரிஞ்சுகீது. எங்களுக்குத் தெரியல.

– தண்ணி குடிங்கம்மா.

– தண்ணி வாணாம். பேப்பர் எடு. இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு. பதினஞ்சு நாள்ல புது ஆதாரம் குடுத்தா தொறந்து பாக்கறோம்னு கடுதாசி கடைசியில கீது. இன்னியோட பத்து நாளு பூடுச்சு.

– அது முடியாதும்மா.

– ஏன்?

– அந்தக் கம்பெனித் தோட்டமே நம்ம பராமரிப்புதான். அத நம்பி ஏழு பேரு இங்க வேலை பாக்காங்க. அதோட, அவரு வாயால சொன்னதுதான். எழுத்துல ஒண்ணுமில்ல. நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னா முடிஞ்சுது. நீங்களும் மாட்டிக்கிட்டு, நானும் மாட்டிக்கிட்டு.

– உனக்கு இன்னா? நீ மூச்சு வுட்டுகினு கீற.

– அப்படிப் பேசாதிய. இது உங்க ஏரியா பிரச்சினை. நான் இருக்கது விம்கோ நகர். எங்க பக்கம் கடல் காத்து, சாம்பலெல்லாம் மேற்க உங்க பக்கமாத்தான் போகும். எனக்குத் தெரியாததுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்ல?

– உன் வூட்ல இந்தப் பனை கீதா?

– ரெண்டு இருக்கு.

– காசு குடுத்து வாங்குன செடியா, கம்பெனி குடுத்ததா?

– கம்பெனிக் கணக்குலதான். விம்கோ நகர்ல எட்டு வீட்டுக்குக் கொடுக்கணும், அதுல ஒண்ணு உங்க வீடா இருக்கட்டும்னு அந்த சாரே… ஒரு மரியாதைக்குச் சொன்னாரு.

– உங்க பக்கம் சாம்பலு வராதுன்ற. அப்ப எட்டு வூட்டுக்கு எதுக்கு?

– அதான் சொல்லுதேன்லா, மரியாதைக்கு.

– சரி. நீ கழுவுவியா அத்த?

– கழுவவே விடமாட்டேன். விரல் பட்டா மெழுகு போயிரும், அழகு போயிரும். மழைத்தண்ணிகூடக் குருத்துல இறங்கக் கூடாதுன்னு போர்டிகோவுக்குள்ள வச்சிருக்கேன். ஒன்றரை வருசமா ஒரு துணி அதுமேல பட்டதில்ல. சாண்ட்ராகிட்ட, அதான் என் வீட்டுக்காரிகிட்ட, கண்டிப்பாச் சொல்லியிருக்கேன்.

– ஒன்றரை வருசமா ஒரு சொட்டுத் தண்ணி படல.

– படல.

– அப்ப போன் போடு. துடைச்சுப் பாக்கச் சொல்லு. சாம்பலு இல்லன்னா நான் வாய மூடிகினு வந்த பஸ்ல போயிடறேன்.

– வெறுமனே துடைச்சா விளங்காதும்மா. ஒழுங்காப் பாக்கணும்னா ரெண்டு துணி வேணும். மெழுகு இலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். விழுறது எதுவானாலும் மேல்பக்கம் மட்டுந்தான் இருக்கும்.

– அப்படியே செய்யச் சொல்லு.

– இப்ப வேண்டாம். அவ மருந்து இழுத்துட்டுப் படுத்திருப்பா.

– இன்னா மருந்து?

– இழுப்புக்கு. காலையிலதான் அதிகம். கடல் ஈரம் அவளுக்கு ஒத்துக்கல. நாசரேத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போனா பத்தே நாள்ல சரியாயிருது.

– ஊருக்குப் போனா சரியாவுதா?

– ஆமா.

– எத்தினி நாளா இழுப்பு?

– போன வருசம் பொங்கல்ல இருந்து.

– காலையில காத்து எங்கேர்ந்து அடிக்குது, அண்ணாச்சி? செடி வளக்கற ஆளு, உனக்குத் தெரியாததா? மத்தியானந்தான் கடல் காத்து. விடியக்காலையில?

– விடியக்காலையில மேல்காத்து. தரையில இருந்து கடலுக்கு.

– போன் போடு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கணும்.

– அடிச்சுக்கிட்டு இருக்கு. இருங்க.

– ஏங்க, என்ன இந்நேரத்துல? சாப்பாடு சைமன்கிட்ட கொடுத்து விட்டுட்டேனே.

– அது இல்ல சாண்ட்ரா. ரெண்டு வெள்ளைத் துணி நனைச்சு எடு. போர்டிகோவுல விசிறிப்பனை இருக்குல்லா, ஒரு துணியால இலைக்கு மேல துடை. இன்னொண்ணால அடியில துடை. முள்ளு பாத்து.

– நீங்கதான தொட்டாலே கத்துவிய?

– இன்னைக்குத் தொடு.

– என்னமோ போங்க. இருங்க, போனை இப்படி வச்சிட்டுப் போறேன்.

– அண்ணாச்சி, இருமலு இங்க கேக்குது.

– வெயில்ல வந்தா அப்படித்தான். பாருங்க, ரெண்டும் வெள்ளையாத்தான் வரும்.

– ஏங்க, இருக்கியளா? அடியில துடைச்சது வெள்ளையா வந்திருக்கு. சுண்ணாம்பு மாதிரி.

– சொன்னேம்லா, செங்கொடியம்மா? மேல துடைச்சது?

– மேல துடைச்சது கருப்பு.

– கருப்புன்னா?

– கருப்புன்னா கருப்புதான். சாம்பலைக் குழைச்ச மாதிரி. துணி நாறிப் போச்சு.

– தொட்டி மண்ணு பட்டிருக்கும். உயரத்துல உள்ள வேற இலையைப் பாரு.

– நாலு இலை பாத்துட்டேன். அந்தப் பக்கத்துச் செடியிலயும் பாத்துட்டேன். எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. துணியைத் துவைக்கப் போடட்டா?

– யக்கா, கழுவாதீங்க! நான் செங்கொடி, அண்ணாச்சி கடையிலேர்ந்து பேசறேன். அந்தத் துணிய கழுவாதீங்க!

– யாருங்க அது?

– துவைக்காத சாண்ட்ரா. ரெண்டையும் தனித்தனிக் கவர்ல போட்டு, எது மேல, எது கீழன்னு எழுதி வை. இலையையும் இனித் தொடாத. நான் இப்ப இந்தம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன். மனுவுல நானும் கையெழுத்துப் போடணும்.

– என்ன மனு? எனக்கு ஒண்ணும் விளங்கல. இந்தத் துணியைத் துவைக்கக் கூடாதுன்னா, கைக்குட்டையையும் எடுத்து வைக்கணுமா?

– எந்தக் கைக்குட்டை?

– ரெண்டு மாசமா இருமினா இதே கலர்தான் வருது. நீங்க பயப்படுவியன்னு அப்பப்ப துவைச்சுக் காயப் போட்டுருவேன். இன்னைக்குள்ளத இன்னும் துவைக்கல.