பிரேக் பெடலில் இருந்தது என் கால்

இந்தத் தாளின் தலைப்பில் கண்ட பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. தொழில், வீட்டில் தையல். யாரும் கூப்பிடாமல், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் மாமியார், என் கணவர், நான், கணவரின் தம்பி, தம்பி மனைவி ஆக ஐந்து பேர். தம்பி மனைவியை, அதாவது என் ஓர்ப்படியை, சின்னவள் என்பார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம், அவளுக்கு இரண்டரை. அவள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாமியாருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் வாரம் இருமுறை சிகிச்சைக்குப் போக வேண்டும். ஏழு வருடமாக அவரைக் கைப்பிடித்து பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கூட்டிப்போனவள் நான். பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். இது வழக்குக்குத் தேவையா என்று எழுதுகிற அதிகாரி கேட்டார். தேவை, எழுதுங்கள் என்றேன்.

ஐந்து மாதத்துக்கு முன் சின்னவள் ஒரு பழைய சின்ன காரை மலிவாக வாங்கி வந்தாள். லாரிக்குப் பின்னால் கயிறு கட்டித்தான் அது வாசலுக்கு வந்து சேர்ந்தது. முன்பக்கத் தரையில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, பின்சீட்டுக்கு அடியில் எலிக்கூடு. "இதுக்குப் பேரு காரா? இரும்புக் கடைக்காரனே ரெண்டு தடவை யோசிப்பான்" என்று நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். "அத்தை, கொஞ்ச மாசம் பொறுங்க. அப்புறம் நீங்க பஸ் படியே ஏற வேண்டாம்" என்றாள் சின்னவள். அதன் பிறகு மாமியார் சிரிக்கவில்லை. அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார்.

அதன் பிறகு லீவு நாள் எல்லாம் அந்தக் காருக்கே போனது. துருவைச் சுரண்டினாள், ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தாள், கார்புரேட்டரைக் கழற்றி சமையலறை மேடையில் பரப்பினாள். நான் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தால் நாள் முழுக்கப் பேசுகிற மாமியார், மேடை பூராவும் பெட்ரோல் வாடை அடித்தும் "பாவம் புள்ள, வேலை முடியட்டும்" என்றார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்போது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "என் மருமக" என்று சொல்லிக்கொள்வார். பதினான்கு வருடத்தில் என்னை அவர் "பெரியவன் பொண்டாட்டி" என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. இதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

சீட்டு உறைகளை நான் தைத்தேன். ஒன்பது நாள் வேலை, கனத்த துணி, நான்கு ஊசி உடைந்தது. உறை மாட்டிய அன்று மாமியார் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சின்னவ காரு மெத்து மெத்துனு இருக்குடி" என்று என்னிடமே சொன்னார். "அத்தை, அது அக்கா தைச்சது" என்றாள் சின்னவள். எனக்கு வர வேண்டிய நல்ல பேர்கூட இவள் வாங்கிக் கொடுத்துத்தான் வர வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சம்பவத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பிரேக் வேலை மட்டும் பாக்கி. பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஆண்கள் வேலைக்குப் போயிருந்ததால் நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன், அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னதும் நான் பெடலை மூன்று முறை அமுக்கி, மிதித்தபடி பிடிக்க வேண்டும். அவள் சக்கரத்தில் உள்ள சிறு திருகைத் தளர்த்துவாள், காற்றும் எண்ணெயும் பாட்டிலில் விழும். திருகை இறுக்கிவிட்டு அவள் "மூடிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். இதை அவள் மூன்று முறை விளக்கினாள். எனக்கு முதல் முறையே புரிந்துவிட்டது.

முதல் மூன்று சக்கரத்துக்கு ஒழுங்காகத்தான் செய்தேன். நான்காவது சக்கரத்தின்போது மாமியார் வாசலுக்கு வந்து, "திங்கக்கெழமையிலேருந்து நான் சின்னவகூடவே போய்க்கறேன். உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். "அக்கா, அமுக்குங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அமுக்கினேன். அவள் மூடிவிட்டதாகச் சொல்லும் முன்பே காலை எடுத்தேன். அதன் பிறகு அடுத்த முறையும் எடுத்தேன். அதற்கடுத்த முறையும் எடுத்தேன். "இன்னும் காத்து வருதே, எங்கேருந்துதான் வருதோ!" என்று அவள் புலம்பினாள். எல்லாம் தெரிந்தவள் ஒரு நாளாவது திணறுகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. "அக்கா, பெடல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கீழே படுத்திருப்பவளுக்கு அது தெரியாது, மேலே இருப்பவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பெடல் பஞ்சுபோல் இறங்கியது. "கல்லு மாதிரி இருக்கு" என்றேன். அவள் எழுந்து வருவதற்குள் ஏழெட்டு முறை வேகமாக அமுக்கிவிட்டேன். அப்படி அமுக்கினால் கொஞ்ச நேரத்துக்குப் பெடல் கெட்டியாக நிற்கும் என்று மதியம் அவளே சொல்லியிருந்தாள். அதன் பிறகு அவள் மிதித்துப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. "நீங்க இல்லேன்னா இன்னைக்கு முடிஞ்சிருக்காதுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக் கேட்டிலேயே இடித்து, புதுப் பெயின்ட் உரிந்து, எல்லோர் முன்னாலும் அவள் மூக்கு உடைபட வேண்டும், மாமியார் பயந்துபோய் மறுபடி என் கையைப் பிடித்து பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சின்னவள் வெள்ளோட்டத்துக்கு வண்டியை எடுத்தாள். மாமியார் முன்சீட்டில் ஏறினார். நான் தலைவலி என்று சொல்லி ஏறவில்லை. வண்டி கிளம்பும்போது, இன்றைக்கு வேண்டாம் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் கண்ணாடியை இறக்கி, வாயெல்லாம் பல்லாக எனக்குக் கையசைத்தார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். கேட்டைத் தாண்ட அவளுக்குப் பிரேக்கே தேவைப்படவில்லை. தெருமுனை இறக்கத்தில்தான் தேவைப்பட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். கார் சலவைக் கடைப் படியில் ஏறி நின்றது. கடைக்காரரின் வலது கால் படிக்கும் காருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. மாமியார் நெற்றியில் ரத்தம். சின்னவள் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி இருந்தாள். கார் நின்ற பிறகும், நான் கூப்பிட்ட பிறகும் விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் காவலர்கள் விசாரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். "பிரேக் வேலைய நான் தனியாத்தான் செஞ்சேன். திருகைச் சரியா இறுக்காம விட்டிருப்பேன்" என்று சின்னவள் சொன்னாள். ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று அதன் பிறகு அவளைத் தனியாகக் கேட்டேன். "உதவிக்கு வந்தவங்க நீங்க. உங்களை எதுக்கு ஸ்டேஷனுக்கு இழுக்கணும்? விடுங்கக்கா" என்றாள். அவளுக்கு இந்த நிமிடம் வரை எதுவும் தெரியாது. அதன் பிறகு வழக்கு அவள் பேரில் பதிவானது. வழக்கு முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. லிஃப்டில் ஏறுகிறவர்கள் உயிர் சம்பந்தப்பட்ட வேலை, கவனக்குறைவு என்று பேரெடுத்தவளை இனி எடுக்க மாட்டார்களாம்.

மாமியார் தலைக்கட்டோடு உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "தப்பு என்னோடதுன்னு எவ்வளவு தைரியமா ஒத்துக்கிட்டா பாருங்க" என்கிறார். அடிபட்ட கடைக்காரரே அவள் மேல் கோபமில்லை என்கிறார். பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

'மனம் வருந்தி' என்று அதிகாரி எழுதினார். அதை அடிக்கச் சொன்னேன். வருத்தம் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, அதை அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நான் வந்ததற்குக் காரணம் வேறு. அந்த வீட்டில் எல்லா நல்ல பேரையும் அவள் எடுத்துக்கொண்டாள். நான் செய்த குற்றத்திலும் அவளே நல்ல பேர் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. இது ஒன்றாவது என் பேரில் இருக்கட்டும்.

எழுதியதை அதிகாரி வாசிக்கக் கேட்டேன். அடித்த இரண்டு சொல் நீங்கலாக எல்லாம் என் வாயால் சொன்னது, எல்லாம் நடந்தது.

(கையெழுத்து)