நனையாத பை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும், ஐயா. அதனால்தான் அவன் கூப்பிட்டபோது மறுக்கவில்லை. "ஊருக்கு வெளியே காலாற நடந்துட்டு, அப்படியே படத்துக்குப் போயிடலாம்டா" என்றான். எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். எந்தப் படமானாலும் முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுவான். அதனால் அவனுக்கு டிரெய்லர் என்றே பெயர்.

நான் பல்செட் செய்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் வாயின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அருவருப்பு பார்த்தால் பிழைப்பு நடக்காது. ஆனாலும் அவன் வாயை என்னால் சகிக்க முடிந்ததில்லை. அவனுடைய முன்பற்கள் நான் செய்து கொடுத்தவை. படம் ஓடும்போது வேர்க்கடலை கொறிப்பான். இடுக்கில் சிக்கினால் பல்செட்டைக் கழற்றி நகத்தால் சுரண்டுவான், சுரண்டியதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்வான். அதே எச்சில் கையால் என் முழங்கையைத் தட்டி, "இப்ப பாரு, இவன் செத்துடுவான்" என்பான். வீட்டுக்குப் போய்ச் சட்டையை ஊறவைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பல வருஷமாக இதை அவனிடம் சொல்ல நினைத்தேன். மனசு புண்படுமே என்று விட்டுவிட்டேன்.

அன்றும் வழியெல்லாம் கடலைதான். நீங்கள் பார்த்தீர்களே, அந்தக் கைவிட்ட கல்குவாரி, அங்கே வந்ததும், "பல்லைக் கழுவிட்டு வந்துடறேன், இரு" என்று சரிவில் இறங்கினான். பாசி வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சறுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்தான். எழுந்தபோது மார்பளவுத் தண்ணீரில், ஒரு பாறை விளிம்பில் நின்றான். அதற்கு அப்பால் ஆழம். அவனுக்கு நீச்சல் தெரியாது. அந்த நிலையிலும் தோள்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். அன்றைக்குப் போட வேண்டிய படம் அதில்தான் இருந்தது. அவனிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அது.

"கையக் குடுடா" என்றான். பல் தண்ணீரோடு போய்விட்டதால் பேச்சு குழறியது. நீட்டிய கையைப் பார்த்தேன். பாசியோடு கடலைத் தோலும் ஒட்டியிருந்தது. என் கையை நீட்டவில்லை.

"முதல்ல பையைப் போடு. நான் போய் கயிறு எடுத்துட்டு வர்றேன்."

நம்பிப் போட்டான். பாதி வழியில் அவன் தனியாகப் பிரிந்து போனான் என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். அப்படியானால் நனையாத பையின் வாரில் குவாரிப் பாசி எப்படி வந்தது என்று கேட்டீர்கள். இப்படித்தான் வந்தது.

சங்கம் படம் போடும் மண்டபத்தில் கயிறு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கொண்டுதான் திரையை இழுத்துக் கட்டியிருந்தோம். அவிழ்த்தால் படம் போட முடியாது. அவன் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணே, அவர் எங்க?"

"பின்னாடி வர்றான்மா. தெரிஞ்சவங்க யாரோ பிடிச்சுக்கிட்டாங்க."

அவள் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்தாள். நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். படம் பார்க்கும்போது செல்போனை அணைத்துவிடுவது என் வழக்கம், அணைத்தேன். நல்ல படம் ஐயா. முடிவு தெரியாமல் ஒரு படம் பார்த்து எத்தனை காலமாயிற்று. கதவுப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். காலையில் அவனை வெளியே எடுத்ததாகச் சொன்னார்கள்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். படம் பாதி ஓடும்போது, இன்னும் அந்த விளிம்பில்தான் நிற்பான், இப்போது போனால்கூடத் தூக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் நடுப்படத்தில் எழுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிற பழக்கம் அவனுக்குத்தான் உண்டு, ஐயா. எனக்குக் கிடையாது.