ஏழாம் எண் தகடு

தேநீரில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், ஐயா. நான் கேட்கவில்லை, என் வயதைப் பார்த்து யாரோ தாமாகவே செய்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சின்ன அன்புகளால்தான் உலகம் இன்னும் கவிழாமல் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். காலையில் கடவுளைக் கும்பிடும்போதுகூட, இன்றைக்கு யாருக்காவது ஒரு நல்லது செய்ய வழி காட்டு என்றுதான் கேட்பேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் தொடங்கியது.

பதினொரு வருடமாக நான் தபால் பட்டுவாடா மேற்பார்வையாளர். என் கீழே பன்னிரண்டு தபால்காரர்கள். என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் பன்னிரண்டு ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒரு தகரத் தகடு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவரவர் தகட்டைச் சிவப்புக்குத் திருப்புவார். திரும்பி வந்ததும் பச்சைக்கு. பச்சை என்றால் ஆள் வந்துவிட்டார், வேலை முடிந்தது. அந்த நேரத்தைப் பார்த்து நான் பதிவேட்டில் எழுதுவேன்.

முடிக்க வேண்டிய நேரம் பிற்பகல் இரண்டு மணி. அதை நிர்ணயித்த காலத்தில் ஒருவருக்கு நானூறு வீடுகள். பிறகு ஆட்களைக் குறைத்தார்கள், வீடுகள் எழுநூறாயின. மணி மட்டும் இரண்டிலேயே நின்றுவிட்டது. தாமதமானால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வரும். மூன்று மெமோ வந்தால் கண்காணாத ஊருக்கு மாற்றல். வெயிலில் மூச்சிரைக்க ஓடிவந்து, இரண்டு பத்துக்குப் பலகை முன்னால் தலைகுனிந்து நிற்பவர்களை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

அப்படித்தான் ஒருநாள், வீட்டில் கைக்குழந்தை இருந்த ஒருவருக்காக இரண்டு மணிக்கு நானே அவருடைய தகட்டைத் திருப்பினேன். மறுவாரம் நான்கு பேருக்கு. பிறகு பன்னிரண்டு பேருக்கும். கடைசித் தெருவிலிருந்தே நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள், மிச்சக் காகிதங்களைக் காலையில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் மிச்சமாயிற்று. "சாரு கை பட்டா தகரம்கூடப் பச்சை பிடிக்குது" என்று கேலி பேசுவார்கள். ஒரு மெமோ கூட வரவில்லை. ஏழு வருடம்.

ஒரு சங்கதி அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. போனவர் திரும்பவில்லை என்பதைக் கண்டுகொள்ள எங்களிடம் இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

ஏழாம் எண்காரரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவார்கள். அவரைப்போல மெதுவானவர் யாருமில்லை என்பதால் அந்தப் பெயர். "எக்ஸ்பிரஸ் இன்னைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று யாராவது கேட்பார்கள். "சிக்னல் விழணுமேடா" என்று அவரே சிரிப்பார். நடை மெதுவில்லை, ஐயா. வழியில் செய்கிற வேலைகள்தான் அதிகம். ஒரு வீட்டில் எரிவாயு உருளையை நகர்த்திக் கொடுப்பார். இன்னொரு வீட்டில் மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வார். ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் படுத்த படுக்கையாக ஓர் அம்மா இருக்கிறார். கண்ணும் மங்கல். காலையில் வேலைக்காரி வந்துவிட்டுப் போனால் இரவு மகன் வரும்வரை தனியாள். எக்ஸ்பிரஸ் தினமும் கதவைத் தள்ளிக்கொண்டு போய், அவருடைய கூஜாவில் தண்ணீர் நிரப்பி, கடிதம் இருந்தால் படித்துக் காட்டிவிட்டு வருவார்.

அன்று காலை கிளம்பும்போது என் மேஜையருகே நின்றார். "சார், இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றார்.

"சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க. தகட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டு மணிக்குப் பன்னிரண்டையும் திருப்பினேன். இரண்டு பத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தபால் துறை ஆய்வாளர் வந்து நின்றார். "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். "வந்துட்டுப் போயாச்சு சார்" என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். பச்சை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடித்த நேரங்களை மாதவாரியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. அந்த மூன்றாவது மாடி அம்மா. தபால் சீட்டில் இருந்த எங்கள் எண்ணை எக்ஸ்பிரஸ்தான் அவருக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, இன்னைக்கு நம்ம தபால்காரர் வரலையே."

"அவர் ரெண்டு மணிக்கே வேலையை முடிச்சிட்டாரும்மா."

"அப்படின்னா படியில இருக்கறது யாரு?" என்றார்.

கம்பிக் கைப்பிடியை யாரோ தட்டுகிறார்களாம். மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று தட்டு. எங்கள் ஆட்களுக்கு மின்தூக்கி கிடையாது, பின்பக்கப் படிக்கட்டுதான். அதில் வேறு யாரும் ஏற மாட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது, ஐயா. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. நான் ஆளனுப்பறேன். நீங்க வேற யாருக்கும் போன் பண்ணி அலட்டிக்காதீங்க" என்றேன். மிகவும் அன்பாகத்தான் சொன்னேன். அவரும் நம்பி, வேறு யாரையும் கூப்பிடவில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். ஏழாம் எண்ணுக்கு ஆளனுப்பினால் ஏழு வருடத்துப் பச்சையும் பொய் என்றாகிவிடும். மற்றப் பதினொரு பேரின் வயிற்றில் மண் விழும். ஒருவருக்காகப் பதினொரு பேரையா? என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் என்னை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நான்கு மணிக்கு எக்ஸ்பிரஸின் மனைவி தொலைபேசியில் பேசினார். "அண்ணே, அவரு கிளம்பிட்டாரா? கண் டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

"ரெண்டு மணிக்கே கிளம்பிட்டாரும்மா."

"சரிதான். வழியில யாருக்காவது எதையாவது தூக்கிக் குடுத்துட்டு நிப்பாரு. ஊருக்கெல்லாம் மருமகன், எனக்கு மட்டும் விருந்தாளி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தங்கை மாதிரி அவர்.

ஐந்தேகாலுக்கு ஆய்வாளர் எழுந்து, "பதிவேடு இப்படித்தான் இருக்கணும்" என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் பூட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். வேகமாகத்தான் மிதித்தேன்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் கிடந்தார். முகத்தின் ஒரு பாதி இறங்கியிருந்தது. வலது கையில் சைக்கிள் சாவிக்கொத்து. அதைக்கொண்டுதான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பை தலைக்கு அடியில் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"மணி என்ன சார்?" என்றார். நாக்கு குழறினாலும் எனக்கு விளங்கியது.

"இன்னும் ரெண்டு ஆகலை" என்றேன். மனம் நிம்மதியாகட்டும் என்றுதான்.

"கடுதாசி மிச்சம் இருக்கு."

பையில் ஒன்பது கடிதங்கள் இருந்தன. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் உரியவை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம், கைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் வருகிறவர்கள் பையைத் திறப்பார்கள். இரண்டு மணிக்கு முடித்தவரின் பையில் ஒன்பது கடிதங்கள் எப்படி வரும்? தவிர, அவர் கேட்டதும் அதைத்தானே. "நான் குடுத்துட்டு வர்றேன்" என்றேன். கண்ணை மூடித் திறந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மிதித்துவிடாமல் தாண்டினேன். நான்காம் மாடியில் ஐந்து, மூன்றாம் மாடியில் மூன்று. கடைசிக் கடிதம் அந்த அம்மாவுக்கு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஆளனுப்பறேன்னீங்களே, நீங்கதானா? படியில யாரு தம்பி?"

"யாருமில்லைம்மா."

கூஜா காலியாக இருந்தது. நிரப்பி வைத்தேன். கடிதத்தைப் படிக்கச் சொன்னார். அவருடைய தங்கை எழுதியது, இரண்டு பக்கம். அவசரப்படாமல், எக்ஸ்பிரஸ் எப்படிப் படித்திருப்பாரோ அப்படிப் படித்தேன். வெளியே மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மூன்று தட்டு. இரண்டாவது பக்கத்தின் நடுவில் அந்த அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நின்னுடுச்சு" என்றார்.

நான் மிச்சத்தையும் படித்து முடித்தேன். பாதியில் விட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் இல்லையா?

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்றாராம் மருத்துவர். அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். கடிதம் படித்த குரலை அடையாளம் காட்டியது அந்த அம்மா என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த அறைச் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயும் இரண்டு மணி ஆனால் தட்டுகிறது, ஐயா. மூன்று, கொஞ்சம் விட்டு மூன்று. நீங்கள் ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். குழாயில் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குப் பயமில்லை. தட்டும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

ஆம், அவர் சாக நான்தான் காரணம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவர் பையில் ஒரு கடிதம்கூட மிச்சமில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேலை முடித்த நேரம் என்ற இடத்தில் இரண்டு மணி என்றே போட்டுவிடுங்கள். தாமதம் என்று அவர் பெயருக்கு ஒரு கறை வேண்டாம்.